முடியை எடுக்கும் முன் தோலைப் பாருங்கள்

வேண்டாத முடியை எடுக்க சிங்கப்பூரில் வழிக்குப் பஞ்சமில்லை. வாட்சன்ஸ், கார்டியன் மருந்துக்கடைக்குப் போனால் ஒரு அலமாரி முழுக்க ரேசரும் க்ரீமும் வேக்ஸ் பட்டையும் இருக்கும். தேக்காவில் எட்டிப் பார்த்தால் நூலால் முடி எடுக்கும் த்ரெடிங் கடைகள், பேரங்காடிகளில் பளீர் ஒளியால் முடியைக் குறைக்கும் ஐபிஎல் விளம்பரங்கள். எதைச் செய்தாலும் முடி போகும். ஆனால் நம்மில் நிறைய பேருக்கு முடி போன பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கிறது. அக்குள் கறுத்துப்போகிறது, தாடையில் சின்னச் சின்னக் கொப்புளம் வருகிறது, காலில் புள்ளி புள்ளியாகக் கறை விழுகிறது. மாநிறம் அல்லது கறுப்புத் தோல், தடித்த கறுப்பு முடி, வருடம் முழுக்க வியர்க்கிற ஊர், இந்த மூன்றும் சேர்ந்த ஆளுக்கு, வெளுத்த தோலை மனதில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள் பாதிதான் பொருந்தும். அதனால் இங்கே ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கப்போகிறேன்: இது நம் தோலை என்ன செய்யும்?

அதற்கு முன்னால் ஒன்று. முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. கை முடியோ கால் முடியோ அக்குள் முடியோ அழுக்கு அல்ல. வியர்வையைத் தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிதைப்பதால்தான் நாற்றம் வருகிறது, குளித்தால் போய்விடும். எடுக்காமல் விடுவதும் சரியான முடிவுதான். எடுக்க ஆசைப்பட்டாலும் தவறில்லை. பள்ளியில் ‘மீசை’ என்று கேலி கேட்டுவிட்டு வந்து நிற்கிற பெண் பிள்ளையிடம் "அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படி" என்று சொல்லி அனுப்புவதை விட, உட்கார வைத்து இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் அதற்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறது

வெளியே தெரிகிற முடிக்கு உயிர் இல்லை. அது கெரட்டின் என்கிற புரதத்தால் ஆன இழை, நகமும் அதே புரதம்தான். வெட்டினால் வலிக்காததற்குக் காரணம் அதுவே. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கிறது, அதை மயிர்க்கால் என்கிறோம். அதன் அடியில் குமிழ் போன்ற ஒரு வேர்ப்பகுதி, அங்கே ரத்தம் வருகிறது, செல்கள் பெருகி மேலே மேலே தள்ளப்பட்டு முடியாகின்றன. மெலனின் என்ற நிறமியும் அங்கேதான் முடிக்குள் சேர்கிறது. பக்கத்திலேயே ஒரு எண்ணெய்ச் சுரப்பி, அப்புறம் குளிரிலும் பயத்திலும் முடியைச் சிலிர்க்க வைக்கிற ஒரு குட்டித் தசை. இன்னும் கொஞ்சம் மேலே, புதிய முடியைத் திரும்பத் திரும்ப உருவாக்கக்கூடிய மூலச் செல்கள் தங்கியிருக்கின்றன. நிரந்தரமாக முடி வரக்கூடாது என்றால் இந்த வேர்ப்பகுதியும் மூலச் செல்களும் கெட வேண்டும். அதைச் செய்யாத எந்த முறையும் தற்காலிகம்தான், டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அனஜன் என்பது வளர்கிற கட்டம், கேட்டஜன் என்பது வேர் சுருங்கிப் பின்வாங்குகிற சில வாரங்கள், டெலொஜன் என்பது ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து அதே இடத்தில் புதியது கிளம்பும். தலைமுடிக்கு வளர்ச்சிக் கட்டம் 2 முதல் 6 வருடம் வரை நீடிக்கும். புருவத்துக்கும் கால் முடிக்கும் சில மாதங்கள்தான், அதனால்தான் புருவம் இடுப்பு வரை வளர்வதில்லை. "வேக்ஸ் பண்ணி நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வந்துவிட்டதே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோமே, அங்கே வந்திருப்பது பிடுங்கின முடி இல்லை, அன்றைக்குத் தோலுக்குள்ளேயே இருந்த வேறு முடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லேசருக்கு ஏன் பல தடவை போக வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

முடியில் இரண்டு வகை உண்டு. மென்மையான, நிறம் குறைந்த பூனைமுடி ஒன்று. கறுத்து, தடித்து வருகிற முதிர்முடி இன்னொன்று. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும், ஆண்களுக்கு முகத்திலும் மார்பிலும், பூனைமுடியை முதிர்முடியாக மாற்றுகின்றன. இந்த மாற்றத்தில் ரேசருக்கு எந்தப் பங்கும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் வீடுகளில் ஒரு நம்பிக்கையை இரண்டு பக்கமும் பயன்படுத்துகிறோம். குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று சந்தோஷப்படுகிறோம். மகள் கையில் ரேசரைப் பார்த்தால் அதே காரணத்தைச் சொல்லிப் பதறுகிறோம். மொட்டை நேர்த்திக்கடன், அது வேறு விஷயம். ஆனால் சவரம் செய்வதால் முடி தடிப்பதோ வேகமாக வளர்வதோ இல்லை. அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூற்றியல் ஆய்வாளர் 1928-லேயே சவரம் செய்த முடியை அளந்து பார்த்து இதைச் சொல்லிவிட்டார், பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. பிளேடு மேலே உயிரில்லாத இழையைத்தான் வெட்டுகிறது, கீழே வேருக்கு அது தெரியவே தெரியாது. பிறகு ஏன் சொரசொரப்பாகத் தெரிகிறது? வெட்டாத முடியின் நுனி கூராக மெலிந்திருக்கும். வெட்டினால் நடுத்தண்டு தட்டையாக வெளியே நிற்கும், அதுதான் விரலில் குத்துகிறது. இன்னொன்று, பெண் பிள்ளைகள் 13, 14 வயதில் முதன்முதலாக ரேசர் எடுக்கிறார்கள். ஹார்மோன் முடியைத் தடிக்க வைப்பதும் அதே வருடங்களில்தான். பழி ரேசர் மேல் விழுகிறது.

கைக்குழந்தைக்குக் கடலை மாவு உருட்டித் தேய்க்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை: பிறந்த குழந்தையின் உடம்பில் இருக்கும் அந்த மெல்லிய முடி சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். தேய்த்துத் தேய்த்துக் குழந்தையின் தோலைச் சிவக்க வைக்க வேண்டாம்.

வெட்டுவது

முறைகள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடலாம். முடியைத் தோல் மட்டத்தில் வெட்டுவது அல்லது கரைப்பது ஒரு வகை, வேரோடு பிடுங்குவது இன்னொரு வகை. முதல் வகையில் தோலுக்கு மேல்பக்கச் சேதம், இரண்டாவதில் மயிர்க்காலுக்குள் சேதம்.

ரேசர்தான் மலிவு, வலியும் இல்லை. குளித்து முடித்ததும் சவரம் செய்யுங்கள், சில நிமிடம் தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகிவிடும். சோப்பை விட ஷேவிங் ஜெல் நல்லது. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் வழுவழுப்பாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வழுவழுப்புக்கான விலையைத் தோல் கொடுக்கிறது. மழுங்கிய பிளேடு, குளியலறை ஈரத்தில் பல வாரம் கிடந்த பிளேடு, இரண்டையும் தூக்கிப் போடுங்கள். ரேசரை யாரோடும் பகிர வேண்டாம், அக்கா தங்கையாக இருந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி வழியாக ஹெபடைட்டிஸ் பி பரவக்கூடும். முடிதிருத்தும் கடையில் புதுப் பிளேடு மாற்றுகிறாரா என்று பார்ப்பதும் அதற்காகத்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைச் சேவையில், இருக்கும் பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகாமில் முகம் மழமழவென்று இருக்க வேண்டும். சமய வழக்கப்படி தாடி வைக்கும் சீக்கியர்களுக்குத்தான் விலக்கு. விடியற்காலையில் அவசரத்தில், பாதி காய்ந்த முகத்தில், நாலைந்து பிளேடு வைத்த ரேசரை எதிர்ப்பக்கமாக இழுக்கிறான் பையன். முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அடுத்தது வெட்டும், வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். நம் ஆட்களுக்கு முடி சுருட்டை வேறு. சாய்வாக வெட்டுப்பட்டுக் கூரான அந்த முனை வளரும்போது நேராக மேலே வராமல் வளைந்து பக்கத்துத் தோலுக்குள்ளேயே குத்தி இறங்கும். உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள் என்று நினைத்து எதிர்க்கிறது. சிவந்த மேடு, சில நேரம் சீழ். கழுத்துப் பக்கம் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் மேட்டுக்குள் ஒரு கறுப்பு வளையம் தெரியும், அது உள்ளே மடங்கிய முடி. இதற்குப் பெயர் உள்வளர்முடி. தாடி முழுக்க இப்படி வந்தால் மருத்துவர்கள் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். இது பரு இல்லை, ‘அழுக்கு’ம் இல்லை. முகத்தை அடிக்கடி தேய்த்துக் கழுவினால் கூடத்தான் செய்யும். ஊசியால் தோண்டி எடுப்பது அதைவிட மோசம், கறையும் தழும்பும் அதனால்தான் நிற்கிறது. சில வாரம் சவரத்தை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு அனுமதி வேண்டும் என்பதால் முகாம் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். பிறகு ஒற்றைப் பிளேடு ரேசர், அல்லது 1 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும் மின் டிரிம்மர். "இதற்குப் போய் டாக்டரா" என்று மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ஃபாலிகுலைட்டிஸ், அதாவது மயிர்க்கால் அழற்சி. இங்கே பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா மயிர்க்காலுக்குள் புகுந்திருக்கும். மஞ்சள் தலை வைத்த சின்னக் கொப்புளம், நடுவில் ஒரு முடி. இறுக்கமான உடை, வியர்வை, சவரக் காயம் மூன்றும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம். பரவினாலோ வலி கூடினாலோ மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

முடி நீக்கும் க்ரீம் கரைக்கிற வகை. அதில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் கெரட்டினைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது, அந்த நாற்றமும் அதிலிருந்துதான். தோலின் மேலடுக்கும் கெரட்டின்தானே, நேரம் தாண்டினால் அதையும் தின்ன ஆரம்பிக்கும். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கணக்காகத் துடைத்துவிடுங்கள். முதல் நாள் கை ஓரத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சவரம் செய்த அன்றே போட வேண்டாம், கால் க்ரீமை முகத்தில் போடவே வேண்டாம். என் கருத்து, எரிச்சல் சட்டென்று கறையாக மாறுகிற தோலுக்கு இது நல்ல தேர்வு இல்லை.

பிடுங்குவது

த்ரெடிங் நம் ஊர்க் கலை. தேக்கா கடைகளில் அக்கா ஒருவர் பருத்தி நூலின் ஒரு முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பிடித்து நடுவில் முறுக்கு ஏற்றுவார். ஒரு கையின் விரல்களை விரித்ததும் முறுக்கு மறுபக்கம் ஓடும், போகிற வழியில் நூலுக்கு நடுவே மாட்டிய முடி வேரோடு வந்துவிடும். நம் வேலை இமையை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிப்பது மட்டும். கண்ணில் தண்ணீர் வரும், சிலருக்குத் தும்மலும் வரும், இரண்டுமே நரம்பின் எதிர்வினை. சூடும் இல்லை, ரசாயனமும் இல்லை, தோலின் மேலடுக்கு உரிவதும் இல்லை. அதனால் புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நூலைப் பல்லில் கடிப்பவரை விடக் கழுத்தில் கட்டுபவரிடம் போங்கள், புது நூல் எடுக்கச் சொல்லுங்கள். முகத்தில் மரு இருந்தால் அது போன பிறகு செய்துகொள்ளுங்கள், நூல் அதைப் பக்கத்துத் தோலுக்குக் கடத்திவிடும்.

வேக்சிங் பெரிய பரப்புக்கு. முடி சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு அரிசி நீளம், இருந்தால்தான் மெழுகு பிடிக்கும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பாதியில் உடைந்து உள்வளர்முடியாகிவிடும். மெழுகு எடுக்கிற குச்சியை ஒருவர் உடம்பில் தொட்டுவிட்டு மறுபடியும் பானைக்குள் விட்டால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். சீனி, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் காய்ச்சிச் செய்யும் சீனிப் பாகு முறையும் உண்டு, தோலை விட முடியோடு அதிகம் ஒட்டுவதால் கொஞ்சம் மென்மை. ஆனால் வீட்டில் காய்ச்சிய பாகு கொதிக்கக் கொதிக்கத் தோலில் பட்டால் மோசமான தீக்காயம். மிக முக்கியமான எச்சரிக்கை பருவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு: ட்ரெட்டினோயின் போன்ற க்ரீம் தடவுகிற இடத்தில் தோல் மெலிந்திருக்கும், மெழுகோடு தோலும் சேர்ந்து உரிந்து வரும். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரை நிறுத்திச் சுமார் 6 மாதம் வரை வேக்சிங் பக்கமே போகக்கூடாது. கடையில் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

எபிலேட்டர் என்ற மின்கருவி நிறைய குட்டி இடுக்கிகளைச் சுழலவிட்டுப் பிடுங்குவது, மற்றபடி வேக்சிங் மாதிரிதான், உள்வளர்முடி தொல்லையும் அதேதான்.

கறை ஏன் விழுகிறது

நம் தோலில் எங்கே அழற்சி வந்தாலும், அது சவரக் கீறலோ மெழுகுச் சூடோ கொசுக்கடியோ, மெலனின் சுரக்கும் செல்கள் உசுப்பப்பட்டு அதிகமாக வேலை செய்யும். காயம் ஆறிவிடும், நிறம் தங்கிவிடும். இதைத்தான் அழற்சிக்குப் பிந்திய கருமை என்கிறார்கள். இது தழும்பு அல்ல, மெதுவாக மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், ஆழமாக இறங்கியிருந்தால் வருடம் கூட ஆகலாம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே. புற ஊதாக் கதிர்க் குறியீடு நண்பகலில் சர்வ சாதாரணமாக 11-ஐத் தொடும் ஊரில் அந்தக் கருமையை வெயில் மறுபடி மறுபடி ஏற்றிவிடும். ஆகவே வெயில் படும் இடத்தில் முடி எடுத்தால் சன்ஸ்கிரீன் கட்டாயம், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். அன்றைக்கு நீச்சல், ஜிம், இறுக்கமான ஜீன்ஸ், மணமூட்டிய டியோடரண்ட் எதுவும் வேண்டாம்.

கறையை உரசி எடுக்க முடியாது. பீர்க்கங்கூடு, உப்பு, எலுமிச்சை எல்லாம் புதிய அழற்சியைத்தான் கொடுக்கும். நியாசினமைட், அசெலாயிக் ஆசிட் உள்ள க்ரீம்கள் பொறுமையாகப் போட்டால் உதவும். இணையத்தில் விற்கும் ‘ஏழு நாளில் வெள்ளை’ டப்பாக்களைத் தொடாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. முதலில் தோல் பளபளப்பதும் உண்மை, பிறகு மெலிந்து கெடுவதும் உண்மை.

கறை வேறு, கெலாய்டு வேறு. கெலாய்டு என்பது காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு, கறுத்த தோலில் அதிகம் வரும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ அப்படி வந்திருந்தால் காயம் உண்டாக்கும் எந்த முறைக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். புஜத்திலும் தொடையிலும் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கிறதா? அது கெரட்டோசிஸ் பிலாரிஸ், மயிர்க்கால் வாயில் கெரட்டின் அடைத்துக்கொள்வது. தீங்கில்லாதது, யூரியா கலந்த லோஷன் போதும், முடி எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

லேசர், ஐபிஎல், எலக்ட்ராலிசிஸ்

பணம் அதிகம் போவது இங்கேதான், நம் தோலுக்கு ஆபத்தும் இங்கேதான் கூடுதல், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லேசர் ஒளி மெலனினைத் தேடுகிறது. முடியில் இருக்கும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு மயிர்க்காலுக்குப் பரவி அதைக் கெடுக்கிறது. சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறிப்பிட்ட இலக்கை மட்டும் சுட முடியும் என்ற இந்தக் கொள்கையை 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். வெளுத்த தோல், கறுத்த முடி என்றால் கணக்கு சுலபம். நம் தோலிலேயே மெலனின் நிறைய இருப்பதால் ஒளிக்கு எது முடி எது தோல் என்ற வேறுபாடு குறைகிறது, தோலும் சேர்ந்து சுடுகிறது. கொப்புளம், வெள்ளைத் திட்டு, கருமை எல்லாம் அதனால்தான்.

இதற்குத் தீர்வு அலைநீளம். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் மெலனினில் அதிகமாக உறிஞ்சப்படும், வெளுத்த தோலுக்கு ஏற்றது. 800-ஐ ஒட்டிய டையோடு லேசர் நடுவில். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல் தோலின் மெலனினில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழமாக இறங்கும், கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் கைகாட்டுவது அதைத்தான். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் ஒன்று 1975 முதல் இருக்கிறது, தமிழர்களில் பெரும்பாலோர் அதில் 4-ஆம், 5-ஆம் வகை, சிலர் 6. முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்: என் தோல் எந்த வகை, உங்கள் கருவி என்ன அலைநீளம்? இரண்டாவதற்கு "இது லேட்டஸ்ட் மெஷின்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஐபிஎல் லேசர் கிடையாது. லேசரில் ஒரே அலைநீளம், ஐபிஎல்லில் பல அலைநீளங்கள் கலந்த பளீர் ஒளி. வடிகட்டி வைத்துக் கட்டுப்படுத்தினாலும் கறுத்த தோலில் தவறு செய்ய இடம் அதிகம். வீட்டு ஐபிஎல் கருவி வாங்குமுன் பெட்டியில் இருக்கும் தோல் நிற அட்டையைப் பாருங்கள், கரும்பழுப்புக்கு நேரே பெரும்பாலும் குறுக்குக்கோடு போட்டிருக்கும். பல கருவிகளில் உணர்கருவி இருப்பதால் நம் கையில் வைத்தால் ஒளி வரவே வராது. அப்படி ஒளி வராமல் நின்றால் அது பழுதில்லை, உங்களைக் காப்பாற்றுகிறது.

எத்தனை தடவை? வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் சரியாகப் பிடிக்கும், மற்றவை விழித்து வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் 4 முதல் 8 வாரம் இடைவெளி விட்டு, பொதுவாக 6 தடவையாவது. நடுவில் பிடுங்கக் கூடாது, வேர் இல்லாவிட்டால் லேசர் எதைச் சுடும்? சவரம் செய்யலாம், செய்யவும் வேண்டும். நரைத்த முடிக்கு மெலனின் இல்லை, லேசரும் இல்லை. பச்சை குத்திய இடம், மச்சம், வெயிலில் புதிதாகக் கறுத்த தோல் ஆகியவற்றின் மேல் அடிக்கக் கூடாது. மரத்துப்போகும் க்ரீமைப் பெரிய பரப்பில் அப்பிக்கொண்டு போவதும் ஆபத்து, மருந்து ரத்தத்தில் கலக்கும்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசருக்குத் தந்திருப்பது நிரந்தரக் ‘குறைப்பு’ என்ற அங்கீகாரம். எண்ணிக்கை குறையும், வருவது மெலிந்து வரும், அவ்வப்போது மீண்டும் போக வேண்டியிருக்கும். தெற்காசியப் பெண்களுக்குத் தாடை, கழுத்துப் பகுதியில் லேசருக்குப் பிறகு முடி கூடுதலாக வளர்வதும் சிலருக்கு நடக்கிறது, அரிதானாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட பக்க விளைவு. முகத்துக்கு லேசர் பேசுபவர் இதை நமக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

முழுமையாக அகற்றுவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது எலக்ட்ராலிசிஸ். மெல்லிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் விட்டு மின்சாரம் செலுத்தி வேரைக் கெடுப்பது. 1875-இல் சார்ல்ஸ் மிஷல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை எடுக்கப் பயன்படுத்தியது. நிறத்தைப் பார்க்காது, நரைமுடிக்கும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும், காலுக்கெல்லாம் சரிப்படாது. மாதவிடாய் நின்ற பிறகு முகவாயில் வரும் நாலைந்து வெள்ளை முடிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

முடி ஒரு அறிகுறியாக இருக்கும்போது

பெண்களுக்கு ஆண்களைப் போல மேலுதடு, முகவாய், மார்பு, அடிவயிறு என்று தடித்த முடி வருவதை ஹிர்சுட்டிசம் என்கிறார்கள். உடம்பெங்கும் பொதுவாக முடி அதிகமாக இருப்பது ஹைப்பர்ட்ரைகோசிஸ், அது வேறு. நம் குடும்பங்களில் இயல்பாகவே முடி கொஞ்சம் அதிகம், அம்மாவுக்கும் சித்திக்கும் அப்படியே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, பரு அடங்கவில்லை, எடை ஏறுகிறது, முகவாயில் முடி தடிக்கிறது என்றால் பிசிஓஎஸ், நம் வீடுகளில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்வது, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து லேசர் அடித்தால், ஹார்மோன் ஒரு பக்கம் புது முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால் தாமதிக்கவே கூடாது, அரிதாகக் கட்டி காரணமாக இருக்கலாம்.

அக்குளும் பின்கழுத்தும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் ரேசரைக் குற்றம் சொல்லாதீர்கள். அது அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் ஆக இருக்கலாம், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். "கழுத்தை நன்றாகத் தேய்த்துக் குளி" என்று பிள்ளையைத் திட்டுகிற அம்மாக்களே, தேய்ப்பதை விட்டுவிட்டு ரத்தச் சர்க்கரையைச் சோதிக்க அழைத்துப் போங்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒரே இடத்தில் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகி, மறுபடி வந்தால் அதன் பெயர் ஹைட்ராடெனைடிஸ் சப்புரேட்டிவா. சுத்தக் குறைவால் வருவதில்லை, தொற்றாது, சிகிச்சை இருக்கிறது. வெட்கத்தால் வருடக்கணக்கில் மறைத்து வைப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் இடம் உங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). தேவைப்பட்டால் அங்கிருந்து மண்டலே சாலையில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டருக்கோ மகளிர் மருத்துவரிடமோ அனுப்புவார்கள், அந்தக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். முடி எப்போது தடிக்க ஆரம்பித்தது, மாதவிடாய்த் தேதிகள், சாப்பிடுகிற மருந்துகள், இவற்றை எழுதி எடுத்துப் போங்கள். படபடப்பில் மறந்துவிடும்.

அழகு நிலையத்துக்கே போவது என்று முடிவு செய்தால் பல தடவைக்குச் சேர்த்து விற்கும் தொகுப்புகளைப் பற்றிக் கவனமாக இருங்கள். படுக்கையில் படுத்திருக்கும்போது, பாதி முடி எடுத்த நிலையில், "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று ஆரம்பிப்பார்கள். அந்த நிலையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற நிலையங்கள், 5 வேலை நாளுக்குள் மனம் மாறினால் பயன்படுத்தாத சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கதவில் அந்த முத்திரை இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் என்றால், செய்பவர் மருத்துவர்தானா என்று பார்க்க அவர் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம், இரண்டு நிமிட வேலை. காதுக்குக் கீழே மாதிரி மறைவான ஒரு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருமை வருவதற்குச் சில வாரம் எடுக்கும், ஆகவே முதல் தடவைக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு அந்தச் சில வாரம் பொறுத்திருங்கள்.